மேற்கோள் இருக்கிறது, படித்தது எங்கே?

‘எத்தனை பர்சன்ட் வந்தது?’ ஆய்வேடு கொடுக்கும் பருவத்தில் நம் பல்கலைக்கழக வளாகங்களில் அதிகம் காதில் விழும் கேள்வி இதுதான். என்ன கண்டுபிடித்தாய், யாரைப் படித்தாய் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். காரணம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஒரு விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வருமான வரிப் படிநிலை மாதிரி தெளிவாக இருக்கிறது, இல்லையா? அந்தத் தெளிவில்தான் சிக்கலும் இருக்கிறது. வரம்புக்குள் கணக்குக் காட்டத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆய்வேட்டை ஒன்பது விழுக்காட்டில் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்தவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். ‘பிளேஜியரிசம் குறைத்துத் தரப்படும்’ என்று விளம்பரம் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், வாங்க ஆளும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

விதிமுறையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதில் உள்ள வரையறை நல்ல வரையறை: பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவது. இந்தக் ‘கருத்தையோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருளால் கருத்தைப் பார்க்க முடியாது. இந்த ஆய்வேட்டில் உள்ள சொற்கோவை வேறு எங்காவது அப்படியே இருக்கிறதா என்று மட்டும்தான் அது தேடும். அத்தகைய மென்பொருளைத் தயாரிக்கும் டர்னிட்டின் நிறுவனமே, நாங்கள் ஒப்புமையைக் காட்டுகிறோம், திருட்டா இல்லையா என்று முடிவு செய்வது ஆசிரியரின் வேலை என்றுதான் சொல்கிறது. ஆக, வரையறை கருத்தைப் பேசுகிறது, அளவுகோல் சொல்லை அளக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர் 14 சொற்கள் வரை இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று விதிமுறை சொல்கிறது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட எண் போலத் தெரிகிறது. ‘படிக்காமலிருந்தவர்களுக்கும்’ என்று ஒரே சொல்லில் நாம் எழுதுவதை ஆங்கிலத்தில் பல சொல்லாகப் பிரித்துத்தான் எழுத முடியும். தமிழில் 14 சொல் என்பது முழுசாக ஒரு வாக்கியம், சில நேரம் இரண்டு. தமிழ் ஆய்வேட்டுக்கு இந்தச் சலுகை ரொம்பத் தாராளம்.

நான் சொல்ல வருவது இதுதான். நம் அசைன்மென்டுகளிலும் ஆய்வேடுகளிலும் உள்ள நோய் மேற்கோள் காட்டத் தெரியாதது அல்ல. படித்ததைச் சுருக்கிச் சொல்லத் தெரியாததுதான் நோய். காப்பி அடிப்பது அதன் அறிகுறி. அறிகுறியை மட்டும் மருந்து போட்டு அடக்கினால் நோய் வேறு வழியில் வெளியே வரும்; வந்துகொண்டும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நம்மிடம் நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளியில் செய்யுளுக்கு உரை படிக்கும்போது பதவுரை என்று ஒன்று, பொழிப்புரை என்று ஒன்று, கருத்துரை என்று ஒன்று படித்திருப்போம். பதவுரைக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தால் போதும். பாட்டு என்ன சொல்கிறது என்பது தெரியாமலேகூட எழுதிவிடலாம். கருத்துரை எழுத வேண்டுமென்றால் பாட்டு முழுவதும் மனத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். நம் மாணவர்கள் கட்டுரையாளரின் வாக்கியத்தை எடுத்து, நாலு சொல்லுக்கு வேறு நாலு சொல் போட்டு, முன்னதைப் பின்னதாக்கி, அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போடுகிறார்கள். அது பதவுரை. அதைக் கருத்துரை என்று சொல்லிச் சமர்ப்பிக்கிறார்கள். அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சித் துறையைச் சேர்ந்த ரெபெக்கா மூர் ஹவார்ட் 1990களில் இதற்கு ஒட்டுப்போட்டு எழுதுதல் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். அது வேண்டுமென்று செய்கிற திருட்டு அல்ல, புரியாத பொருளோடு போராடுகிறவரின் எழுத்து என்பது அவருடைய வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான்.

வாதம் மட்டுமில்லை, அவர்கள் எண்ணியும் பார்த்தார்கள். ஹவார்டும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஒரு கட்டுரைக்காக மாணவர்கள் எழுதிய 18 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். 18இல் ஒன்றில்கூட எந்த மூலத்தின் சுருக்கமும் இல்லை. எல்லோரும் மூலத்தின் தனித்தனி வாக்கியங்களோடுதான் மல்லுக்கட்டியிருந்தார்கள். பிறகு இதையே பெரிதாகச் செய்தார்கள்: 16 கல்லூரிகள், 174 கட்டுரைகள், 1,911 மேற்கோள்கள். அவற்றில் சுருக்கம் என்று சொல்லத்தக்கது 6 விழுக்காடு மட்டுமே. இதைவிட என்னை உறுத்துவது இன்னொரு எண். மேற்கோள்களில் 46 விழுக்காடு மூலத்தின் முதல் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதாவது கட்டுரையைத் திறந்தார்கள், முதல் பக்கத்தில் பயன்படும் ஒரு வாக்கியம் கிடைத்தது, எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த மாணவர்கள் பெரும்பாலோர் படிக்கும் கல்லூரிகள் இவை. ஆகவே இது தமிழ்நாட்டு நோய், யாழ்ப்பாணத்து நோய், மனப்பாடக் கல்வியின் நோய் என்று நாம் மட்டும் தலையில் அடித்துக்கொள்ளத் தேவையில்லை. வாக்கியத்திலிருந்து எழுதுகிற எவரும் எந்த நாட்டிலும் இந்தக் குழியில் விழுவார்.

வாக்கியத்திலிருந்து எழுதுகிறவரை மென்பொருளைக் காட்டி மிரட்டினால் என்ன ஆகும்? சொல்லை மாற்றுவார். இப்போது சொல் மாற்றித் தரவும் மென்பொருள் இருக்கிறது. 2021இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசினோவ் என்ற மூவர் அச்சான அறிவியல் கட்டுரைகளிலேயே இதன் தடயங்களைக் கண்டுபிடித்தார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ‘போலி உணர்வு’ என்று பொருள்படும் தொடர். ‘மார்பகப் புற்றுநோய்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மார்பு ஆபத்து’ என்கிற மாதிரி ஒன்று. சித்திரவதைக்குள்ளான தொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஒப்புமை விழுக்காடு இறங்க வேண்டும் என்பதைத் தவிர இவற்றுக்கு வேறு காரணம் தேட முடியவில்லை. சிரிப்பு வருகிறது, ஆனால் யோசித்துப் பாருங்கள்: காப்பி அடித்த வாக்கியத்தில் குறைந்தபட்சம் மூல ஆசிரியரின் பொருளாவது மிச்சம் இருந்தது. சொல் மாற்றிய வாக்கியத்தில் அதுவும் போய்விட்டது. விழுக்காடு நமக்கு வாங்கித் தந்த முன்னேற்றம் இதுதான்.

சரி, திருட்டே இல்லை, குறிப்பும் சுத்தமாக இருக்கிறது, அப்போது எல்லாம் சரியா? இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மொத்தம் ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்து கண்காணிக்கப்பட்ட 39,946 பேரின் பதிவுகளில், 11,882 பேர் அபின் வகை வலிமருந்தைக் குறைந்தது ஒரு முறையாவது பெற்றிருந்தார்கள். முன்பு போதைப் பழக்கம் இல்லாதிருந்து, இதனால் அடிமையானதாக முறையாகப் பதிவானவர்கள் நான்கு பேர். காட்டிய கணக்கு இவ்வளவுதான். எவ்வளவு மருந்து, எத்தனை நாள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆயிற்று, எதுவும் கிடையாது. கிடைத்த பதிவைப் பார்த்து எழுதிய ஒரு சிறு குறிப்பு. பொய்யும் இல்லை, மிகையும் இல்லை.

இந்தக் கடிதத்தைப் பிறகு யார் யார் எப்படி மேற்கோள் காட்டினார்கள் என்று டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து, 2017இல் அதே இதழில் எழுதினார்கள். கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் 439, அதாவது 72.2 விழுக்காடு, இந்த மருந்துகளால் அடிமையாவது அரிது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டின. 491, அதாவது 80.8 விழுக்காடு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் என்ற ஒரு விவரத்தையே சொல்லவில்லை. 1990களின் நடுவில் ஆக்சிகான்டின் என்ற அபின் வகை வலிமாத்திரை சந்தைக்கு வந்த பிறகு இந்தக் கடிதத்தைக் காட்டுவது மேலும் கூடியது. மாதக்கணக்கில் வீட்டில் வைத்து விழுங்க வேண்டிய மாத்திரைக்கு, மருத்துவமனைக் கட்டிலில் மருந்து பெற்றவர்களின் கணக்கு சாட்சி சொல்லப் போனது. அமெரிக்காவில் அந்த மாத்திரைகளுக்கு எத்தனை பேர் அடிமையானார்கள் என்பது ஊரறிந்த கதை. அந்தப் பேரழிவுக்கு ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சான்று இருக்கிறது என்ற தெம்பை அது கொடுத்தது. இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்த 439 மேற்கோள்களில் எதையும் கருத்துத் திருட்டு என்று பிடிக்க முடியாது. பெயர், ஆண்டு, இதழ், பக்கம் எல்லாம் இருந்தது. ஒப்புமை விழுக்காடு பூஜ்யம் என்றுகூட வரலாம். தவறு நடந்த இடம் ஒன்றே ஒன்று: சுருக்கம்.

அந்தக் கடிதத்தையே ஒரு மாணவர் அசைன்மென்டில் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அபின் வகை மருந்துகளால் அடிமையாதல் அரிது (போர்ட்டர், ஜிக் 1980)’ என்று எழுதினால் அது முடிவை மட்டும் பிய்த்து எடுத்தது. கடித வாக்கியத்தையே சொல் மாற்றி எழுதினால் அது பதவுரை. ‘மருத்துவமனையில் இருந்தபோது இம்மருந்தைக் குறைந்தது ஒரு முறை பெற்ற 11,882 பேரின் பதிவுகளில் அடிமையாதல் நான்கு பேரிடமே குறிக்கப்பட்டிருந்ததாகப் போர்ட்டரும் ஜிக்கும் ஒரு சிறு கடிதத்தில் தெரிவிக்கிறார்கள், வெளியே நீண்டநாள் மருந்து உட்கொள்பவர்களைப் பற்றி அதில் தகவல் இல்லை’ என்று எழுதினால்தான் சுருக்கம். யாரை வைத்துப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன கண்டார்கள், எதைப் பார்க்கவில்லை என்ற நான்கும் அதில் இருக்கின்றன. கடைசியாக வந்த ‘தகவல் இல்லை’ என்ற சொல் மூலத்தில் எங்கும் கிடையாது. படித்தவரின் தலையிலிருந்து வந்தது அது. நல்ல சுருக்கத்தில் எழுதுகிறவரின் சொந்தக் குரல் கேட்கிற இடமும் அதுதான். பள்ளித் தேர்வில் ‘மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக’ என்று கேட்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. அங்கே உவமையை வெட்டு, உதாரணத்தை வெட்டு, எண்ணை வெட்டு என்று நீளத்தைக் குறைக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆய்வைச் சுருக்கும்போது பல நேரம் அந்த எண்ணும் நிபந்தனையும்தான் உயிர்.

படிக்காமலே குறிப்பு மட்டும் கைமாறுவது தனிக் கதை. அதையும் நேர்த்தியாகப் பிடித்தவர்கள் உண்டு: சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர், 2003இல். கோஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1973இல் எழுதிய புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை அப்போது ஏறக்குறைய 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. 196 இடங்களில் குறிப்பில் பிழை. பிழை என்றால் பக்க எண், தொகுதி எண் மாறிப்போவது. ஆளுக்கு ஆள் தனியாகத் தப்பு செய்திருந்தால் 196 விதமான பிழை இருக்க வேண்டும். இருந்ததோ 45 விதம்தான். ஒரே பிழை 78 பேரிடம் இருந்தது! தேர்வறையில் பக்கத்துப் பையன் விடைத்தாளைப் பார்த்து எழுதியவனைத் தப்பான விடை காட்டிக்கொடுப்பது போலத்தான். இதை வைத்துக் கணக்கிட்டு, மேற்கோள் காட்டுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடு கறாராகச் சரியா என்று விவாதிக்கலாம்; 78 பேர் ஒரே பிழையைத் தனித்தனியாகச் செய்திருக்க முடியாது என்பதில் விவாதமே இல்லை. பசலைக்கீரை வகையில் இரும்புச்சத்து மிகுதி என்ற நம்பிக்கை, ஒரு தசமப் புள்ளியை யாரோ தப்பாகப் போட்டதால் வந்தது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பரவலாக்கிய 1981ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் கட்டுரையிலேயே அதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை என்று பிற்பாடு தெரியவந்தது. தவறான தகவல் எப்படிப் பரவும் என்பதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட கதையே ஆதாரமில்லாமல் பரவியிருக்கிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் நூலில் படித்து எழுதுகிறீர்களா? ‘இன்னார் நூலில் கண்டபடி இன்னார்’ என்றே எழுதுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. முதல்நூலைப் பார்க்காமல் பார்த்ததாகக் காட்டுவதுதான் அவமானம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு வரும். மேற்கோள், அடிக்குறிப்பு, உசாத்துணை எல்லாம் மேற்கத்திய சரக்கு, நம் மரபில் கருத்து பொதுச்சொத்து, யார் சொன்னது என்று நாம் பார்த்ததில்லை என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது; உண்மை அப்படி இல்லை. முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகவே சொல்லும் வழக்கம் தொல்காப்பியத்தில் பல நூற்பாக்களில் தென்படும். அதன் மரபியல் என்ற இயல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூல் நான்கு வகை என்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. முதலில் நிற்பது தொகுத்தல் என்பதைக் கவனியுங்கள். அதாவது நாம் பேசும் சுருக்கம். நன்னூலார் ஓர் உரையில் இருக்க வேண்டியவை என்று 14 உறுப்புகளைச் சொல்கிறார். அதில் தொகுத்துரை என்றும் ஆசிரிய வசனம் என்றும் இரண்டு வருகின்றன. பொருளைத் திரட்டிச் சொல்வது ஒன்று, சான்றோர் வாக்கை ஆதாரம் காட்டுவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனி வேலையாக அவர் பார்த்திருக்கிறார். நம் பல்கலைக்கழக விதிமுறைகளோ இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டன.

மரபில் குறையே இல்லை என்று பெருமை பேசவும் மாட்டேன். நச்சினார்க்கினியர் சிந்தாமணி உரையில் பல இடங்களில் வேறு நூல் வரிகளை எடுத்துக்காட்டுவார், எந்த நூல் என்று சொல்லமாட்டார். பிறரும் இப்படிச் சொல்கிறார்கள் என்ற தோரணையில் முடித்துவிடுவார். கற்றவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. சில நூற்றாண்டு கழிந்தது, அந்த நூல்களின் பெயரே கற்றவர்களுக்கு மறந்துபோனது. சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அந்த மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடிப் பட்ட பாட்டை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவார்கள். மறுபக்கம் வளையாபதியையும் குண்டலகேசியையும் பாருங்கள். முழுநூலாக இன்று கிடைக்காத இவற்றின் பாடல்கள் சில நம் கைக்கு வந்ததற்குக் காரணம் பழைய உரைகளும், பாடலோடு நூற்பெயரையும் குறித்துவைத்த புறத்திரட்டு என்ற தொகுப்பும்தான். பெயர் குறித்த ஒருவரால் ஒரு நூலின் சுவடு பிழைத்தது. பெயர் குறிக்காத ஒருவரால் பதிப்பாசிரியர் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். இதற்கு மேல் மேற்கத்திய சரக்கு என்று யார் சொல்வது?

இன்னொரு மறுப்பு இதைவிட நியாயமானது. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் பிள்ளையிடம் ‘சொந்த நடையில் எழுது’ என்றால் அது எங்கே போகும்? அந்த மொழியில் அதற்குச் சொந்த நடை இன்னும் உருவாகவே இல்லையே. உண்மைதான். அதனால்தான் வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சி அந்தப் பிள்ளைக்கு வீண் என்கிறேன். மொழி கைவராத ஒருவரிடம் ஒரே கருத்துக்கு இரண்டாவது ஆங்கில வாக்கியம் கேட்பது கொடுமை. ஆங்கிலக் கட்டுரையைப் படி, மூடிவை, என்ன படித்தாய் என்று தமிழில் நாலு வரி எழுது, பிறகு அந்த நாலு வரியை உனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் சொல் என்று கேட்டுப் பாருங்கள். வாக்கியம் சொத்தையாக இருக்கலாம், இலக்கணம் இடறலாம். ஆனால் மூல ஆசிரியரின் சொற்கோவை அதில் ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை. தமிழில் அந்த நாலு வரியை எழுத முடியவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று அந்த மாணவருக்கே அங்கேயே தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள எந்த மென்பொருளும் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் குறிப்புப் போட்டால் என் கருத்து என்று என்ன மிஞ்சும் என்று கேட்பவர்களும் உண்டு. வரிக்கு வரி அடைப்புக்குறி வைத்த அசைன்மென்டைப் பார்த்தால் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும் என்பதற்கும், இந்தியா 1947இல் விடுதலை பெற்றது என்பதற்கும் யாரும் சான்று கேட்கப் போவதில்லை. சான்று வேண்டியது வாதத்தின் எடையைத் தாங்கும் இடங்களுக்கு. அங்கேயும் பிறர் கருத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு நன்னூல் ஏழு வழி சொல்கிறது, மதம் என்ற பெயரில். ஒருவர் சொன்னதோடு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்பது போல் ஏற்றுப் பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளலாம். ஆய்வேட்டில் ‘முன்னாய்வுகள்’ என்றொரு இயல் எழுதச் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. நம் ஆய்வேடுகளில் அந்த இயல் பெரும்பாலும் எப்படி இருக்கிறது? இன்னார் இந்த ஆண்டு இந்தத் தலைப்பில் ஆய்ந்தார், அடுத்த பத்தியில் இன்னார் அந்த ஆண்டு அந்தத் தலைப்பில் ஆய்ந்தார். வருகைப்பதிவேடு. உடன்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சுருக்கத் தெரியாதவரால் மறுக்கவும் முடியாது, ஏனென்றால் எதை மறுப்பது என்று பிடி கிடைக்காது.

இத்தனையும் சாட்ஜிபிடி செய்து தருமே என்பது இன்றைய கேள்வி. செய்து தரும், வழவழவென்று. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் அதை நம்பி நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் இல்லவே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்தன. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். இல்லாத மூலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், தேடினால் கிடைக்காது. இருக்கிற மூலத்துக்கு ஒரு நிபந்தனையை விழுங்கிவிட்டு எழுதப்பட்ட சுருக்கம்தான் ஆபத்து. போர்ட்டர், ஜிக் கடிதத்தை மனிதர்கள் 491 முறை படுத்திய பாட்டை ஒரு இயந்திரம் படுத்தாது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அது தரும் சுருக்கம் சரியா என்று பார்க்க மூலத்தைப் படிக்க வேண்டும். படித்துவிட்டால் நாலு வரி நீங்களே எழுதிவிடலாம்.

குறிப்பு எழுதும் வடிவம் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. ஏபிஏவா, எம்எல்ஏவா, ஷிகாகோவா என்று உங்கள் துறை சொல்வதைப் பின்பற்றுங்கள். ஸோட்டெரோ மாதிரி இலவச மென்பொருள் காற்புள்ளி, அரைப்புள்ளியைப் பார்த்துக்கொள்ளும். இரண்டே எச்சரிக்கை. தமிழ்ப் பெயரில் குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. முதலெழுத்து விரிந்து அப்பா பெயர் கடைசியில் வந்திருந்தால், எழுதியவரை விட்டுவிட்டு அவர் அப்பாவை ஆசிரியராக்கிவிடும். இன்னொன்று, வேறு சொல்லில் எழுதும்போது பக்க எண் கட்டாயமில்லை என்று ஏபிஏ சொல்கிறது, கட்டாயமில்லாவிட்டாலும் போடுங்கள். முதல் பக்கத்தைத் தாண்டிப் படித்தீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். 20 பக்க அசைன்மென்ட், 15 உசாத்துணை என்று கேட்பதை ஒரு பருவம் நிறுத்திப் பாருங்கள். ஒரே ஒரு கட்டுரை, அரைப் பக்கச் சுருக்கம், அதன் கீழே இதில் சொல்லப்படாதது என்ன என்று இரண்டு வரி. அறுபது பேர் வகுப்பில் அரைப் பக்கத் தாளை ஒரே மாலையில் திருத்திவிடலாம். காப்பி அடித்தவர் யார், படித்தவர் யார் என்பது முதல் பத்தியிலேயே தெரியும். எந்தக் கட்டுரையைக் கொடுப்பது என்று யோசித்தால், போர்ட்டர், ஜிக் கடிதம் அந்த இதழின் இணையதளத்தில் இருக்கிறது. இது ஆராயாமல் அளவுக்கு மீறி மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது என்று 2017இல் இதழாசிரியர்கள் அதன் மேல் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். குறிப்பை மறைத்துவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுங்கள். ஐந்தே வாக்கியம்தான், வகுப்பிலேயே படித்து முடித்துவிடலாம்.